என் தம்பி செத்துப்போன படம்

என் தம்பி ஒன்றரை வயதில் தாகத்தால் செத்துப்போனதாகச் செய்தித்தாளில் வந்தது. அது வந்த அன்று காலையில் அவன் எங்கள் வாசலில் உட்கார்ந்து ஆட்டுப் புழுக்கையைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தான். அம்மா அவன் வாய்க்குள் விரலை விட்டு நோண்டி எடுத்துவிட்டு முதுகில் ஒன்று வைத்தாள். தெருவுக்கே கேட்கும்படி அழுதான்.

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். கறுப்பு வெள்ளைப் படம். வறண்ட ஆற்று மணலில் ஒரு பெண் நிற்கிறாள். காலடியில் மண்பானை சாய்ந்து கிடக்கிறது. அவள் தோளில் ஒரு குழந்தை. அதன் தலை தொங்கியிருக்கிறது, ஒரு கை அவளுடைய முதுகுப்பக்கம் துணிபோல விழுந்து கிடக்கிறது. அவள் வானத்தைப் பார்க்கிறாள். கண்ணோரத்தில் நீர் நிற்கிறது. பரிசு வாங்கிய படம் அது. கோடை பிறந்தால் எந்தப் பத்திரிகையிலாவது வந்துவிடும். தண்ணீர் கேட்டுக் கூட்டம் போடுகிறவர்கள் சுவரொட்டியில் அதைத்தான் அச்சடித்தார்கள். அந்தப் பெண் என் அம்மா.

எங்கள் ஊர் வேடசந்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. மானாவாரிக் காடு. மழை பெய்தால் சோளமும் கடலையும், பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. அப்பா நூல் மில்லில் பஞ்சுப் பொதி இறக்கும் வேலைக்குப் போனார். தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல மழை பொய்த்தது. ஊர்க் கிணறு வற்றி, அடிபம்பு காற்று மட்டும் விட்டது. பெண்கள் எல்லாரும் ஆற்றுக்குப் போய் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் சிறுகச் சிறுக மொண்டு குடத்தை நிறைப்பார்கள். ஒரு குடம் நிறைய ஒரு காலைப்பொழுது போய்விடும்.

அப்படி ஒரு நாள்தான் அவர்கள் காரில் வந்தார்கள். படம் எடுக்கிறவர் ஒருவர், கூட எழுதிக்கொள்கிறவர் ஒருவர். நான் பள்ளிக்கூட யூனிஃபார்மோடு அம்மாவுடன் ஊற்றில் இருந்தேன். அங்கிருந்தே பள்ளிக்கூடம் போய்விடுவது வழக்கம். தம்பிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். வேடசந்தூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தைக் குடித்துவிட்டு அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த மருந்து குடித்தால் தூக்கிப் போட்டாலும் விழிக்கமாட்டான்.

படம் எடுக்கிறவர் மரியாதையான மனிதர். அதையும் சொல்ல வேண்டும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஊற்றுக்குப் பக்கத்தில் வந்தார். முதலில் என்னைப் பார்த்தார்.

"பாப்பா, நீ கொஞ்சம் தள்ளி நின்னுக்கம்மா. யூனிஃபார்ம் தெரியுது."

தள்ளி நின்றேன். பிறகு எங்கள் குடத்தைப் பார்த்தார். பச்சை நிற பிளாஸ்டிக் குடம். "மண்பானை ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டார். யாரோ ஓடிப்போய் ஆற்றங்கரைத் தோட்டத்தில் கோழிக்குத் தண்ணீர் வைக்கும் பழைய பானையை எடுத்து வந்தார்கள். அடுத்து ஊற்றைப் பார்த்தார். அம்மா அப்போதுதான் மொண்டு முடித்திருந்ததால் குழியில் வெறும் ஈரம்தான் இருந்தது. "குழியில கொஞ்சம் தண்ணி தெரிஞ்சா நல்லா இருக்கும்மா" என்றார்.

அம்மா குடத்தைப் பார்த்தாள். விருந்தாளி கேட்கிறார். குடத்தைச் சாய்த்து ஊற்றினாள். அவர் கேமராவைச் சரிசெய்வதற்குள் மணல் அதைக் குடித்துவிட்டது. மறுபடி ஊற்றினாள். காலையெல்லாம் மொண்ட தண்ணீரில் பாதி போனது. கடைசியில் குழி வேண்டாமென்று முடிவு செய்து, அவளை எழுந்து நிற்கச் சொன்னார்.

"மேல பாருங்கம்மா. இன்னும் மேல."

"வெயில் கண்ணக் கூசுதுய்யா."

"ஒரே ஒரு நிமிஷம்."

அம்மாவின் கண்ணில் நீர் கட்டியது. அவர் எடுத்துக்கொண்டார். எழுதிக்கொள்கிறவர் பிள்ளைக்கு என்னவென்று கேட்டார். காய்ச்சல், இரண்டு நாளாகப் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறான் என்று அம்மா சொன்னாள். போகும்போது எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள். நடந்தது இவ்வளவுதான்.

எங்கள் ஊருக்குச் செய்தித்தாள் வராது. எங்களுக்குச் சேதி சொன்னது கீரனூரிலிருந்து வந்த என் தாய்மாமன்தான். மத்தியான பஸ்ஸில் மாமாவும் அத்தையும் இன்னும் நாலைந்து பேரும் வந்து இறங்கினார்கள். ஊர் எல்லையிலேயே அத்தை ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். மாமா கையில் ஒரு சின்ன மாலையும், மஞ்சள் பையில் கோடித் துணியும். தெருவில் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றார்கள்.

மாமா நேராக அப்பாவிடம் போனார். "ஏனுங்க மாப்ள, ஒரு வார்த்தை சொல்லியனுப்பக்கூடாதுங்களா? பேப்பரப் பாத்துத் தெரிஞ்சுக்கற நெலமைக்கு எங்கள வச்சுப்போட்டீங்களே."

"என்ன மச்சான் சொல்றீங்க? யாருக்கு என்ன?"

மாமா சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து விரித்தார். உள்ளேயிருந்து அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவன் சோற்றுப் பருக்கை ஒட்டிய வாயோடு மாமாவைப் பார்த்துக் கையை நீட்டினான். அத்தையின் ஒப்பாரி பாதியில் நின்றது. மாமா அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். செத்தான் என்று நினைத்தபோதுகூட அவர் அப்படி அழுதிருக்கமாட்டார்.

படத்துக்குக் கீழே இருந்ததை நான்தான் வாசித்தேன். 'தாகம்' என்று தலைப்பு. குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் உயிரிழந்த குழந்தையைச் சுமந்து நிற்கும் தாய் என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரியை எழுதியது யாரென்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. படமெடுத்தவரா, கூட வந்தவரா, மேசையில் உட்கார்ந்து அச்சுக்குக் கொடுத்தவரா.

அம்மா கேட்டது ஒன்றுதான். "உயிரோட இருக்கற பிள்ளைய எப்படி இவுங்க சாகடிக்கலாம்?" அவளுக்கு அது பொய்ச் செய்தி அல்ல, சாபம். மாமா கொண்டுவந்த மாலையை வீட்டுக்குள் விடக்கூடாது என்றாள். மாமா அதையும் கோடித் துணியையும் எடுத்துப்போய் ஓடைக்கரை முள்ளில் வீசிவிட்டு வந்தார். மறுநாளே திண்டுக்கல்லுக்குப் போய் அந்தப் பத்திரிகைக்காரர்களைக் கண்டுபிடித்து மாற்றி எழுதச் சொல்ல வேண்டுமென்று அப்பாவை நச்சரித்தாள். அப்பா நாளைக்கு, நாளன்னைக்கு என்றார்.

அதற்குள் லாரி வந்துவிட்டது.

நாங்கள் எத்தனையோ முறை மனுக் கொடுத்தும் வராத தண்ணீர் லாரி, படம் வந்த சில நாளிலேயே ஊருக்குள் நுழைந்தது. முதலில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை, பிறகு தினமும். ஊர் ஆலமரத்தடியில் வரிசை வைத்தார்கள். என் அம்மா போனபோது பெண்கள் வழிவிட்டார்கள். "மதினிக்கு மொதக் கொடம். அவுக மொகத்தாலதான் தண்ணி வந்துச்சு" என்றாள் எதிர்வீட்டு அக்கா. அவள் அப்போது ஆறு மாதம் வயிற்றோடு இருந்தாள். அம்மா சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நிறைத்துக்கொண்டு வந்தாள்.

பிறகு ஒரு சாயங்காலம் ஊர்க்காரர்கள் நாலு பேர் வந்து அப்பாவை வெளியே கூப்பிட்டார்கள். உபதேசியாரும் அதில் இருந்தார். எங்கள் ஊர் மாதா கோயிலில் சாமியார் வராத நாட்களில் ஜெபம் சொல்கிறவர் அவர்தான்.

"பெரிசா ஒண்ணும் இல்ல. கொஞ்ச நாளைக்குப் பிள்ளைய வெளிய காட்டாம வச்சுக்கங்க. ஜீப்பு கீப்பு வந்தா உள்ள தூக்கிட்டுப் போயிருங்க. மழை பேஞ்சுட்டா அப்பறம் யாரு கேக்கப் போறா?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"அது பொய்யில்லையாங்க?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

உபதேசியார் துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். "நாம சொல்லலையேம்மா. அவுகளாப் போட்டாக. நாம சும்மா இருக்கோம், அம்புட்டுத்தான்."

அம்மா ஒத்துக்கொண்டாள். ஊர் கேட்கும்போது என்ன செய்வாள்? அந்த நாட்களில் தம்பி வீட்டுக்குள்ளேயே கிடந்தான். நடக்கப் பழகியிருந்த பிள்ளை. நிலைப்படியைத் தாண்டப் பார்ப்பான், அம்மா இழுத்து உள்ளே போடுவாள். லாரிச் சத்தம் கேட்டால் அவன் வாயைப் பொத்துவாள். லாரி டிரைவருக்குக்கூடத் தெரியக்கூடாது என்று ஊர் சொல்லியிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் தம்பியைப் பற்றிப் பேசக்கூடாது. ஒரு டீச்சர் என்னைக் கூப்பிட்டுத் தலையைத் தடவி, தம்பிக்காக ஜெபம் பண்ணுவதாகச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரத்தில் மதுரைப் பக்கமிருந்து ஒரு வேன் வந்தது. ஏதோ பெண்கள் சங்கம். நல்லவர்கள்தான். பழமும் சேலையும் மலர்வளையமும் கொண்டுவந்திருந்தார்கள். அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். தம்பி அடுப்படியில் என் மடியில் இருந்தான். பிறகு அவர்களில் ஒருத்தர், குழந்தையைப் புதைத்த இடத்தைப் பார்த்து வளையம் வைக்க வேண்டும் என்றார்.

ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் முன்னே வந்து, "வாங்க, கல்லறைத் தோட்டம் இங்கனதான்" என்று கூட்டிப் போனார். அங்கே வேலியோரம் இருந்த ஒரு சின்ன மேட்டைக் காட்டினாராம். அது வேறு ஒரு வீட்டுப் பிள்ளையின் மேடு. வளையத்தை வைத்து எல்லாரும் கைகூப்பி நின்றார்கள். கூட வந்த ஒருவர் படம் எடுக்க ஆரம்பித்தார்.

அம்மா அதைக் கேள்விப்பட்டதும் எழுந்தாள். என் மடியிலிருந்த தம்பியைத் தூக்கிக்கொண்டு, தலைகூட முடியாமல், தெரு வழியாக நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். கல்லறைத் தோட்டத்துக்குள் போய், அந்த மேட்டுக்குப் பக்கத்தில் அவனை இறக்கி நிற்கவைத்தாள்.

"இவன்தான் அந்தப் பிள்ளை. சாகல. நல்லாப் பாத்துக்கங்க."

தம்பி வளையத்திலிருந்து ஒரு பூவைப் பிய்த்தான். வேனில் வந்தவர்கள் திரும்பி நடந்தார்கள். கடைசியாகப் போன அம்மாள் மட்டும் நின்று, "எங்கள வச்சு நாடகம் ஆடிட்டீங்களே" என்றார். என் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

இரண்டு நாளில் ஜீப் வந்தது. அதிகாரி ஒருவர் இறங்கி தம்பியை அம்மாவின் மடியில் உட்காரவைத்து, அவன் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். அம்மாவுக்கு அப்போது சந்தோஷம். பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று பேப்பரில் வரப்போகிறது. வந்தது. படத்தில் இருப்பது கட்டுக்கதை, அந்தப் பகுதியில் பஞ்சமே இல்லை, குழந்தை நலமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது என்று வந்தது. பிள்ளை சாகாததால் தாகமும் இல்லையென்று ஆகிவிட்டது. அந்த வாரத்தோடு லாரி நின்றது.

அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "கொஞ்ச நாளு வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. மறுநாள் ஆற்றுக்குப் போனோம். அம்மா தோண்டிய ஊற்றில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். நகரவில்லை. அடுத்த ஊற்றிலும் இடமில்லை என்றார்கள். நாங்கள் ஆற்றோடு மேற்கே வெகுதூரம் நடந்து, பாறைக்குப் பக்கத்தில் தோண்டிக்கொண்டோம். அந்தக் கோடை முழுதும் யாரும் அம்மாவோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பேச்சே இல்லை.

எதிர்வீட்டு அக்கா ஆற்றிலிருந்து குடம் தூக்கி வரும்போது வலியெடுத்துப் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். மாட்டு வண்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். பிள்ளை தங்கவில்லை. குடம் தூக்கியதால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஊர் சொன்னது. அம்மா பார்க்கப் போனாள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மா வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

தம்பிக்கு ஊரில் 'செத்தவன்' என்று பெயர் விழுந்தது. "ஏலே செத்தவனே, பந்த எடுத்துப் போடு" என்பார்கள். கோபமாகச் சொன்னது, போகப்போக வெறும் பெயராகிவிட்டது. அவனும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகினான்.

மறுப்பு வந்தது ஒரே ஒரு நாள். படம் வருடா வருடம் வந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் டீச்சர் டிரெயினிங் முடித்துத் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தம்பி பத்தாவதோடு நிறுத்திவிட்டு மில்லுக்குப் போனான். ஒரு வருடம், டவுனில் ஒரு மண்டபத்தில் வரலாற்றுப் புகழ்பெற்ற படங்களின் கண்காட்சி வைத்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போகச் சொன்னார் தலைமை ஆசிரியர். நிலாவில் நிற்கும் மனிதன், குண்டுக்குத் தப்பி ஓடும் பிள்ளைகள், டாங்கிக்கு முன்னால் தனியாக நிற்கும் ஆள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் படம் எடுக்கப்பட்ட கதையை எழுதி ஒட்டியிருந்தார்கள். கடைசி வரிசையில், நம் மாவட்டம் தந்தது என்று தனி அட்டையில், என் அம்மா.

கதை வளர்ந்திருந்தது. படம் எடுத்த சில மணி நேரத்தில் குழந்தையை ஆற்று மணலிலேயே அடக்கம் செய்தார்களாம். தாய் அதன்பிறகு பேசவே இல்லையாம். பிள்ளைகள் அதை வாய்விட்டு வாசித்தார்கள். ஒரு பெண்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டது.

கண்காட்சி நடத்தியவரைத் தேடிப் போனேன். படித்தவர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"சார், அந்தப் பிள்ளை சாகல. அது என் தம்பி. மில்லுல வேலை பாக்கிறான். அது எங்க அம்மா."

அவர் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, வலிக்காமல் சொல்ல நினைத்தவர்போலச் சொன்னார்.

"டீச்சர், அந்த மறுப்பெல்லாம் அப்ப அரசாங்கத்துல ஜோடிச்சது. வேற ஒரு பிள்ளைய மடியில உக்காரவச்சுப் படம் எடுத்தாங்க. ஆராய்ச்சி பண்ணி எழுதியே இருக்காங்க. நீங்க சின்ன வயசுல பாத்தத வச்சு நம்புறீங்க."

"கூடப் பொறந்தவன எனக்குத் தெரியாதா சார்?"

"ஒருத்தர் ரெண்டு பேரைப் பத்தினது இல்லீங்க அந்தப் படம். அன்னைக்கு எத்தனை பிள்ளைக செத்துச்சோ, அத்தனைக்கும் அதுதான் சாட்சி."

 எதிர்வீட்டு அக்காவின் பிள்ளைக்குப் படம் இல்லை என்று சொல்லத் தோன்றியது. சொல்லாமல் எழுந்து வந்தேன். பிள்ளைகள் வரிசையில் காத்திருந்தார்கள்.

வீட்டில் சொன்னபோது, அம்மா தானும் பார்க்க வேண்டும் என்றாள். மாமா கொண்டுவந்த அந்தக் காகிதத்தை அன்றே அடுப்பில் போட்டிருந்தாள். பிறகு சுவரொட்டியில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இவ்வளவு வருடத்தில் நின்று பார்த்ததில்லை. கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை, தம்பிக்கும் லீவு. மூன்று பேரும் போனோம்.

நல்ல கூட்டம். சின்ன வயதுப் பையன் ஒருவன் குச்சியால் தொட்டுக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். குழந்தையை மணலில் புதைத்த இடத்துக்கு வந்ததும் முன்னால் நின்ற ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பி அவருக்குப் பக்கத்தில் நின்று கதையைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று ஒதுங்கி வழிவிட்டான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேறு யாருடைய சாவையோ கேட்பதுபோல இருந்தான்.

அம்மா பக்கத்தில் போய்ப் பார்த்தாள். அவளுடைய சின்ன வயதுப் படம் எங்களிடம் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கும் எடுக்கவில்லை. வெகுநேரம் பார்த்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நரைத்து, பல் விழுந்து, ஆளே வேறாகியிருந்தாள்.

"போலாம்" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் தம்பி டீ வாங்கிக் கொடுத்தான். அம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் குடிக்காமல் இருந்தாள். தம்பி, பஸ் வருகிறதா என்று பார்க்கத் தள்ளிப் போனான்.

"நான் அன்னைக்குப் பேசாம இருந்திருக்கணுமோ?" என்று கேட்டாள்.

 டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எதுத்த வீட்டுக்காரி பிள்ளைய நெனச்சா நெஞ்சு அடைக்குது. நான் செத்தா மேல அந்தக் கணக்கக் கேப்பாக, தெரியும். அதுக்காக இவன் செத்தவனா இருக்கட்டும்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. அப்பவும் வரல. இப்பவும் வரல."

வேடசந்தூர் பஸ் வந்தது. ஏற்கனவே நிறைந்திருந்தது. தம்பி முண்டியடித்து ஏறி ஓர் இடம் பிடித்து அம்மாவைக் கூப்பிட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் ஊர்க்காரர்தான். அம்மாவைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர்வரைக்கும் நின்றே வந்தாள்.